முடக்குவது வாதம் மட்டும்தானா?

மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் (rheumatoid arthritis) உள்ளவர் நாற்காலியிலிருந்து எழுவதைக் கவனித்தால் தெரியும், எழுவதற்கு முன்பே முகம் சுளிக்கும். வலி இன்னும் வரவில்லை. வரப்போகிறது என்று மூளை கணக்குப் போட்டுவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது அல்லவா?

அசைவதற்கே பயப்படும் இந்த நிலைக்கு 1990-இல் கினீசியோஃபோபியா என்று பெயர் வைத்தார்கள். டாம்பா அளவுகோல் என்ற 17 கேள்விகளை வைத்து அதை அளக்கவும் செய்கிறார்கள்.

இதை வீண் பயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய் இது. காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகலாம். நாளடைவில் எலும்பும் அரிக்கப்படும். 'அசைத்தால் இன்னும் தேயுமோ' என்று தோன்றாதா? ஒரு காலத்தில் மருத்துவர்களே படுத்து ஓய்வெடுக்கத்தான் சொன்னார்கள்.

ஆனால் எலும்பை அரிப்பது அந்தத் தாக்குதலால் மூட்டில் வரும் அழற்சி, அதாவது வீக்கமும் சூடும். அசைவின் மேல் பழி போடுவதில் பொருளில்லை. சொல்லப்போனால் மூட்டுக்கு அசைவுதான் சாப்பாடு. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. பாரம் விழும்போது அது பஞ்சு போலப் பிழியப்படும். பாரம் நீங்கியதும் சுற்றியுள்ள திரவத்தை உறிஞ்சும். சத்து அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது.

அசையாமல் இருந்தால் தசையும் இளைக்கும். அழற்சி ஏற்கெனவே தசையைக் கரைத்துக்கொண்டிருக்கும் நோயில் இது இரட்டை நஷ்டம். தாங்கத் தசை இல்லாத மூட்டு அடுத்த முறை எழும்போது கூடுதலாக வலிக்கும். 'நான் அப்போதே நினைத்தேன்' என்று பயம் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளும்.

2003-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் சுமார் 300 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் ஒரு பாதிப் பேர் வாரம் இருமுறை, இரண்டு ஆண்டுகள் கடினமான உடற்பயிற்சி செய்தார்கள். பொதுவாக அவர்களுடைய பெரிய மூட்டுகளில் சேதம் கூடவில்லை. முன்பே மிகவும் சிதைந்த மூட்டு உள்ளவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை தேவைப்பட்டது.

சரி, இதைச் சொன்னால் பயம் போய்விடுமா? போகாது. அனுபவத்தில் வந்த பயம் அனுபவத்தில்தான் கரையும். அதனால் பிசியோதெரபிஸ்டுகள் சின்ன அசைவில் தொடங்குவார்கள். எவ்வளவு வலிக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, செய்தபின் ஒப்பிடச் சொல்வார்கள். ஊகம் பலமுறை பொய்த்தால் மூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். மூட்டு சிவந்து வீங்கியிருக்கும் நாளில் மட்டும் பாரத்தைக் குறைத்து, தாங்குகிற அளவுக்கு மெதுவாக மடக்கி நீட்டினால் போதும்.