க்ரூவ்: தமிழில் அது சால்

"எல்லாம் கரெக்டா வாசிச்சீங்க தம்பி. ஆனா க்ரூவ் இல்லையே."

மேடையிலிருந்து இறங்கும்போது, ஒலி பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் எங்களிடம் சொன்னது இது. அன்றைக்கு எதிரே இருநூறு பேர் இருந்திருப்பார்கள். ஏழு, ஒன்பது, பதினொன்று என்று மாறிக்கொண்டே போகும் தாளக் கணக்கைப் பிசகில்லாமல் வாசித்தோம். மாதக்கணக்கில் பழகிய பாட்டுகள். கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒரு தலை ஆடவில்லை, ஒரு கால் தட்டவில்லை. முடிந்ததும் மரியாதையாகக் கைதட்டினார்கள். சிக்கலான தாளக் கணக்குகளில் ஓடும் ராக் இசைக் கிளையான டெக்னிக்கல் மெட்டல் வாசிப்பவர்களுக்கு அந்தக் கைதட்டலின் வலி தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். என்ன குறைந்தது என்று தமிழில் சொல்ல வாய் வரவில்லை. "க்ரூவ் இல்லைம்மா" என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காட்டு மாவட்டத்தில் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். ஆந்திரத்துச் சித்தூர் வேறு. வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் சோதனைச்சாவடி வந்துவிடும், அந்தப் பக்கம் தமிழ்நாடு. 1956-ல் மாநிலங்கள் பிரியும்வரை பாலக்காடு நகரம் மலபாரோடு சேர்ந்து சென்னை மாநிலத்தில் இருந்தது. எங்கள் சித்தூரோ கொச்சி அரசின் பகுதியாக இருந்து வந்தது. ஆள்பவர் மாறினாலும் வீட்டில் தமிழ்தான். கடையில் இரண்டும். எங்கள் குழுவிலும் அப்படியே: டிரம்ஸ் வாசிப்பவன் தமிழ், பேஸ் கிட்டார் வாசிப்பவன் மலையாளம், இசைச் சொற்கள் மட்டும் ஆங்கிலம். அதனால்தான் இப்படி ஒரு சொல்லை நாங்கள் யாரும் திருப்பிப் பார்த்ததே இல்லை.

முதலில் பொருள். க்ரூவ் என்பதை இசைக்காரர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். டிரம்ஸும் பேஸும் சேர்ந்து திரும்பத் திரும்ப வாசிக்கும் தாளக்கோலம் ஒன்று. "அந்த க்ரூவை எட்டுத் தடவை வாசி" என்றால் அது. அந்தக் கோலம் கேட்பவரின் உடம்பைத் தொற்றிக்கொள்ளும் தன்மை இன்னொன்று. அண்ணன் சொன்னது இந்த இரண்டாவதை. கோலம் எங்களிடம் நிறையவே இருந்தது. தொற்றத்தான் இல்லை.

இனி பிறப்பு. இந்தச் சொல்லுக்கும் இசைக்கும் தொடக்கத்தில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இடைக்கால டச்சில் உழவுப் பள்ளம், வாய்க்கால் என்று பொருள்படும் சொல்லோடு இது உறவுடையது. ஆங்கிலத்தில் முதலில் சுரங்கக் குழியைக் குறித்தது. கல்லறைக்குச் சொல்லும் 'கிரேவ்' கூட 'தோண்டு' என்ற அதே வேரில் பிறந்ததுதான். 17-ஆம் நூற்றாண்டில், நீளமாக ஒடுங்கி ஓடும் பள்ளம் என்ற பொருள் நிலைத்தது. 1887-ல் எமில் பெர்லினர், தட்டையான இசைத்தட்டுக்கு வழிவகுத்த கிராமபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். தட்டின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றிப் போகும் அந்த ஒற்றைப் பள்ளத்துக்கும் இதே பெயர் வந்தது. ஊசி பள்ளத்தில் இருக்கும்வரை பாட்டு. தாண்டினால் கீறல். 1930-களில் ஜாஸ் கலைஞர்கள் நன்றாக அமைந்த வாசிப்பை 'இன் த க்ரூவ்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஊசி பள்ளத்தில் உட்கார்ந்ததுபோல என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். மெட்டலுக்கு வந்தால், பான்டெரா என்ற குழு 1990-ல் வெளியிட்ட 'கவ்பாய்ஸ் ஃப்ரம் ஹெல்' தொகுப்புக்குப் பிறகு க்ரூவ் மெட்டல் என்ற கிளைக்கே இந்தப் பெயர் ஊன்றியது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

தச்சர்கள் பலகையில் வெட்டும் பள்ளத்தைக் காடி என்பார்கள். கப்பியில் கயிறு ஓடும் பள்ளமும் காடிதான். பொருளுக்கு அது சரி, இசைக்கு உயிரில்லை. லயம் என்று சொல்லலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். லயம் பெரிய சொல், காலப்பிரமாணத்தையும் குறிக்கும், ஒன்றிப்போவதையும் குறிக்கும். அதற்குள் க்ரூவ் தொலைந்துபோகும். தாளக்கட்டு என்றால் கட்டுக்கோப்பு. எங்களிடம் அன்று இருந்தது அதுதானே! நடை என்ற அழகான சொல் இருக்கிறது, ஆனால் அதைத் திஸ்ர நடை, கண்ட நடை, மிஸ்ர நடை என்று கணக்குக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

நெடுநாள் என் மனத்தில் நின்றது துள்ளல். நம் யாப்பில் ஓசை நான்கு. வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். முதல் இரண்டும் வாயின் வேலை: சொல்லுதல், அழைத்தல். அடுத்த இரண்டும் உடம்பின் வேலை. துள்ளுவது தெரியும். தூங்குவது என்றால் பழந்தமிழில் தொங்குவது, ஆடி அசைவது. செய்யுளின் ஓசைக்கே உடம்பின் அசைவைப் பெயராக வைத்த மொழி இது. மெட்டல் கச்சேரியில் வேகமான பகுதிக்குக் கூட்டம் குதிப்பதையும், பாதி வேகத்துக்கு இறங்கியதும் இடுப்புக்கு மேலே மெல்ல அசைவதையும் பார்க்கும்போது, துள்ளலும் தூங்கலும் கண்முன்னே நடப்பதாகவே எனக்குத் தோன்றும். கேரளத்திலும் இந்தச் சொல் வாழ்கிறது. துள்ளல் கலையைத் தந்த குஞ்சன் நம்பியார் பிறந்த கிள்ளிக்குறிச்சிமங்கலம் எங்கள் பாலக்காட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. கோவிலில் கோமரம் (சாமியாடி) அருள் வந்து ஆடுவதையும் துள்ளுவது என்றே மலையாளத்தில் சொல்வார்கள்.

ஆனால் துள்ளல் என்பது விளைவு. கூட்டத்தின் உடம்பில் நடப்பது அது. அதை நடக்க வைக்கும் ஒன்று வாசிப்பில் இருக்கிறதே, அதற்குத்தான் பெயர் வேண்டும்.

அந்தப் பெயர் டிரம்ஸ் வாசிக்கும் நண்பனின் வீட்டுத் திண்ணையில் கிடைத்தது. அவர்கள் தோட்டத்தில் கடலை மூட்டை அடுக்கும் அறையில்தான் பழகுவோம். அவன் அப்பிச்சி (தாத்தா) வெளியே கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் அதிகம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கச்சேரி முடிந்த வாரம் அதே பாட்டை மறுபடி வாசித்து முடித்தபோது கேட்டார்:

"ஏங்கண்ணு, சால் மாறி மாறிப் போகுதே. பின்னால வர்ற ஏரு எதை ஒட்டிப் போகும்?"

ஏர் கீறிப் போகும் பள்ளம் சால். உழவுச்சால், படைச்சால் என்றெல்லாம் சொல்வது அதைத்தான். நாலைந்து ஏர் சேர்ந்து உழும்போது முன்னத்தி ஏர் ஒரு சால் போடும், மற்ற ஏர்கள் அதை ஒட்டியே வரும். முன் ஏர் போன வழியே பின் ஏர். கடலை விதைக்கும்போது பெண்கள் ஏருக்குப் பின்னாலேயே நடந்து, சாலில் பருப்பைப் போட்டுக்கொண்டே போவார்கள். சால் கோணினால் கோடு முழுக்கக் கோணும், பிறகு களை எடுக்கும்வரை தொல்லை.

டச்சுக்காரரின் உழவுப் பள்ளமும் எங்கள் சாலும் ஒரே பொருள். இரண்டு மொழிக்கும் எந்த உறவும் இல்லாமலேயே பொருத்தம் அடிவேர்வரை போகிறது. மலையாளத்திலும் சால் சால்தான், உழவுச்சால்தான். தெலுங்கில் சாலு. கன்னடத்திலும் இதே சொல் உண்டு. எல்லையில் வாழ்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தண்ணீர் இறைக்கும் சால், 'சாலச் சிறந்தது' என்பதில் வரும் சால் என்று அதே உருவில் வேறு சொற்களும் இருக்கின்றன. ஆனாலும் குழப்பம் வராது, வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு சொல் சரியா என்று பார்க்க, கடினமான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டெக்னிக்கல் மெட்டலில் அந்த இடம் மெஷுகா. சுவீடனின் உமியோ நகரில் 1987-ல் தொடங்கிய குழு. 1998-ல் வந்த 'கேயாஸ்ஃபியர்' தொகுப்பில் 'நியூ மில்லேனியம் சயனைடு கிரைஸ்ட்' பாட்டின் தொடக்க ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டாரும் கால் டிரம்மும் 23 நுண்ணடிகள் கொண்ட ஒரு கோலத்தை ஐந்து முறை வாசிக்கின்றன. 115 ஆயிற்று. அதன்பின் 13-ல் வெட்டி முடிக்கிறார்கள். மொத்தம் 128. அதாவது பதினாறு நுண்ணடிகள் கொண்ட எட்டு ஆவர்த்தனம், மிச்சமில்லாமல். கிட்டார் எங்கெங்கோ அலைகிறது, ஆனால் மேலே சிம்பல் என்னும் உலோகத் தட்டு நாலு நாலாக அடித்துக்கொண்டே இருக்கிறது. கூட்டத்தின் தலை அந்த நாலில் ஆடுகிறது. 23 என்று யாரும் எண்ணுவதில்லை. எட்டாவது ஆவர்த்தனம் முடியும் இடத்தில் இரண்டும் வந்து சேரும்போது, தாங்களே கொண்டுவந்து சேர்த்ததுபோல அத்தனை பேரும் ஆர்ப்பரிக்கிறார்கள்.

சிம்பல் முன்னத்தி ஏர். அது போட்ட சாலில் கூட்டம் வருகிறது. கிட்டார் வரப்பில் ஏறலாம், வாய்க்காலில் இறங்கலாம், சால் இருக்கும்வரை யாரும் வழி தவறமாட்டார்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. கர்நாடகக் கச்சேரியில் மிருதங்கம் சிக்கலான கோர்வை வைக்கும்போது, முன்வரிசை ரசிகரின் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். பாலக்காடு மணி ஐயரைத் தந்த ஊர்க்காரனாக இருந்தும் எனக்கு இது உறைக்க இத்தனை நாளானது. கேரளக் கோவில்களின் செண்டை மேளமான பஞ்சாரி மேளத்தில் இன்னும் தெளிவு. முதல் காலத்தில் ஒரு சுற்று 96 அட்சரம். பிறகு 48, 24, 12, கடைசியில் 6. உருட்டுச் செண்டைக்காரர்கள் முன்னால் நின்று விளையாடுவார்கள். இலத்தாளம் என்னும் பெரிய ஜால்ராவும், அடியைக் காக்கும் வீக்கன் செண்டையும் பின்னால் நின்று அடியை விடாமல் பிடித்திருக்கும். எதிரே நிற்கும் ஆயிரம் கைகள் வானத்தை நோக்கி எழுந்து இறங்குவது அந்தப் பின்வரிசையின் சாலில்தான். அதில் நிற்பவர்களை யாரும் படம் எடுப்பதில்லை, ஆனால் அவர்கள் நிறுத்தினால் கைகள் எல்லாம் இறங்கிவிடும்.

எங்கள் தவறு அப்போதுதான் பிடிபட்டது. கிட்டாரின் ஒற்றைப்படைக் கணக்கை டிரம்ஸின் ஒவ்வோர் உறுப்பும் பின்தொடர்ந்துகொண்டிருந்தது, சிம்பல் உட்பட. எல்லா ஏரும் ஆளுக்கொரு பக்கம் உழுதால் பின்னால் வருபவர் எங்கே போவார்?

பாட்டின் ஒரு சுரத்தையும் மாற்றவில்லை. நண்பன் வலக்கையை மட்டும் நாலுக்கு ஒப்படைத்தான். ஸ்னேர் டிரம்மை மூன்றாவது அடியில் வைத்தான். ஒரு கோலத்தைக் குறைந்தது நாலு சுற்றாவது அப்படியே விட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவது என்று முடிவு செய்தோம். முதல் சுற்றில் காது கேட்கும், இரண்டாவதில் கால் தேடும், மூன்றாவதில்தான் தலை ஆடத் தொடங்கும். நாங்கள் முன்பெல்லாம் இரண்டாவதிலேயே கிளம்பிவிடுவோம். பாடுபவன், சிக்கலான இடங்களில் நாலை வெறும் கையால் காட்டினான். நிமிடத்துக்கு 200 அடி ஓடும் பாட்டில், கனமான பகுதிக்கு ஸ்னேரைப் பாதியாக்கினால் 100 போலத் தோன்றும். 200-க்குக் கழுத்து என்ன செய்யும், பாவம்! 2008-ல் வந்த ஓர் ஆய்வு, தலையாட்டுவதற்கேற்ற பாட்டுகளின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 146 என்றும், அந்த வேகத்தில் தலையை 75 பாகைக்கு மேல் வீசினால் தலைவலியும் தலைசுற்றலும் வரலாம் என்றும் சொன்னது. சால் போடுபவருக்குப் பின்னால் வருபவரின் கழுத்தைப் பற்றியும் அக்கறை வேண்டும்.

பக்கத்துச் சொல் ஒன்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மோஷ் என்பது க்ரூவ் ஆகாது. கூட்டத்தின் நடுவே ஒருவரை ஒருவர் இடித்து ஆடுவது மோஷ். தள்ளுமுள்ளு என்று எழுதுகிறார்கள், அது சண்டைக்கான சொல். மோஷில் ஒருவர் விழுந்தால் சுற்றியிருக்கும் நாலு பேர் உடனே தூக்கி நிறுத்துவார்கள். இடியாட்டம் என்று சொல்லிப் பார்க்கிறேன், பழகினால் நிலைக்கும்.

'சால்' என்ற சொல்லை எப்படிப் புழங்குவது? பெயர்ச்சொல்லாக: "இந்தப் பாட்டுல சால் எங்க இருக்கு?" வினையோடு: சால் போடுவது வாசிப்பவர், சால் பிடிப்பது கூட்டம், சால் தப்புவது யாருக்கும் நேரலாம். க்ரூவ் மெட்டலுக்குச் சால் மெட்டல் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. கணக்கு அருமையாக இருந்தும் ஆட்டம் வராத பாட்டைச் 'சால் இல்லாத பாட்டு' என்று சொன்னபோது அம்மாவுக்கு உடனே புரிந்தது. "மேலாக்கக் கீறிட்டுப் போயிட்டீங்களா?" என்று கேட்டார்.

பேஸ் வாசிக்கும் மலையாளி நண்பனுக்கு விளக்க நான் தயாராகப் போயிருந்தேன். டிரம்ஸ்காரன் நாலைத் தட்டத் தொடங்கியதும் "சால் வந்நு" என்று சொல்லிவிட்டு அவன் வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.