கொடி மாறினாலும் கோப்பு நகர வேண்டும்

1997 ஜூன் 30 நள்ளிரவு. ஹாங்காங் காவலர்கள் தொப்பியிலிருந்த பிரிட்டிஷ் முடியாட்சிச் சின்னத்தைக் கழற்றிவிட்டுப் புதியதைக் குத்திக்கொண்டார்கள். படையின் பெயரிலிருந்து 'ராயல்' போனது. மறுநாள் பணிக்கு வந்தவர்கள் அதே ஆட்கள்தான். இதற்குப் பின்னால் பன்னிரண்டரை ஆண்டு வேலை இருக்கிறது.

1984 டிசம்பரில், பிரிட்டன் ஆண்டுவந்த ஹாங்காங்கை 1997-இல் சீனாவிடம் ஒப்படைப்பதற்கான கூட்டறிக்கையில் இரு நாடுகளும் கையெழுத்திட்டதுமே, அரசு ஊழியர்களுக்கு ஒரே கவலை: என் ஓய்வூதியத்தை யார் தருவார்கள்? நியாயமான கேள்வி. பதில் தெரியாதவர் வேலையை விட்டுவிடுவார். அனுபவசாலிகள் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டால் கொடி மாறும் முன்பே நிர்வாகம் படுத்துவிடும். அதனால் 1997-க்குப் பிந்தைய ஹாங்காங்குக்காக 1990-இல் சீனா வெளியிட்ட அடிப்படைச் சட்டத்தின் 100-வது பிரிவு, பழைய ஊழியர்கள் எல்லோரும் பணியில் தொடரலாம், பணிமூப்பு அப்படியே இருக்கும், சம்பளமும் சலுகைகளும் குறையாது என்றது. 102-வது பிரிவு ஓய்வூதியத்துக்கு உறுதி தந்தது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவருக்கும் அது உண்டு. அவர் எந்த நாட்டுக் குடிமகன், எங்கே வசிக்கிறார் என்று பார்க்க மாட்டார்கள்.

ஆனால் உச்சியில் விதி வேறு. துறைச் செயலர்கள், காவல் ஆணையர் போன்ற பதவிகளுக்கு, வெளிநாட்டில் குடியிருப்புரிமை இல்லாத சீனக் குடிமக்கள்தான் வரலாம் என்றது 101-வது பிரிவு. பிரிட்டிஷ்காரர்கள் நிறைந்திருந்த மேல்தட்டை 1997-க்குள் மாற்றியாக வேண்டும். 1989-இல் லீ குவான்-ஹா முதல் சீனக் காவல் ஆணையரானார். 1993-இல் ஆன்சன் சான் தலைமைச் செயலரானார்.

இங்கேதான் ஒரு சிக்கல். 1990-இல் பிரிட்டன் ஹாங்காங்கைச் சேர்ந்த 50,000 குடும்பத் தலைவர்களுக்குக் குடியுரிமை தரச் சட்டம் போட்டது. போக ஒரு வழி கையில் இருந்தால், பயந்துபோய் முன்கூட்டியே ஓட மாட்டார்கள் என்பது கணக்கு. மனித மனத்தைப் புரிந்துகொண்ட ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சீனா அதை ஏற்கவில்லை. ஓர் அதிகாரியை ஊரில் தங்க வைக்கக் கொடுத்த கடவுச்சீட்டே, அவர் உச்சப் பதவிக்குப் போகத் தடையாகவும் நிற்கக்கூடும்!

அப்புறம் மொழி. சட்டங்கள் நெடுங்காலம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. 1997-க்குள் அத்தனைக்கும் சீன வடிவம் தயாரானது. அதிகாரிகள் சீனாவின் ஆட்சிமொழியான மாண்டரின் படித்தார்கள்.

சரி, பழைய சட்டங்களில் 'மகாராணி' என்று வரும் இடங்களை என்ன செய்வது? ஒவ்வொரு பக்கமாகத் திருத்திக் கட்டுப்படியாகாது. ஜூலை 1 அதிகாலையிலேயே தற்காலிகச் சட்டமன்றம் கூடி ஒரு சட்டம் நிறைவேற்றியது. பொதுப்பணி தொடர்கிறது என்றது அது. மகாராணியையும் அரசமுடியையும் குறிக்கும் சொற்களை இடத்துக்கேற்ப சீன மத்திய அரசு என்றோ ஹாங்காங் அரசு என்றோ படிக்க வேண்டும் என்றும் விதி வகுத்தது. அச்சிட்ட பக்கத்தில் பழைய சொல் இருந்தாலும், அன்று காலை முதல் அதற்குப் பொருள் வேறு.