மீன ராசி என்பதால் காலில் புண் வருவதில்லை

இந்த ஆடியில் மட்டும் இவர் மூன்றாவது ஆள்.

சேலம் அம்மாப்பேட்டையில் குழித்தறி நெய்பவர், வயது 52. இடது கால் கட்டைவிரலுக்கு அடியில் புண். கட்டைப் பிரித்ததும் அறை முழுக்க வாடை. எத்தனை நாளாச்சு என்று கேட்டேன். மனைவிதான் பதில் சொன்னார்: "அவருக்கு மீன ராசிங்க டாக்டரம்மா. ஜென்மச் சனி நடக்குது, அதான் கால்ல வந்து நிக்குதுங்க." பரிகாரமாக 9 சனிக்கிழமை செருப்பில்லாமல் கோயிலுக்கு நடப்பதாக வேண்டுதல். ஏழாவது வாரம் என்னிடம் வந்தார்கள். விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

காலபுருஷன் கணக்கு எனக்கும் தெரியும், பாட்டி சொல்லியிருக்கிறார். மேஷம் தலை, கடகம் மார்பு, மகரம் முழங்கால், மீனம் பாதம். சரி, கொஞ்சம் யோசியுங்கள். சந்திரன் ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டேகால் நாள் இருக்கிறது. அதற்குள் பிறக்கிற குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே ராசிதான். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீட்டில் பிறந்தாலும் அதே, செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்காரர் வீட்டில் பிறந்தாலும் அதே. அத்தனை பேருக்குமா பாதம் அழுகுகிறது? என்னிடம் கால் புண்ணோடு வருபவர்களில் மேஷமும் உண்டு, துலாமும் உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்குப் பொதுவாக இருப்பது பல வருடமாகக் கட்டுக்குள் வராத சர்க்கரை. இவருக்கு 11 வருடமாக இருக்கிறது, நடுவில் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

கால் மரத்துப்போனதால், ஒரு வருடமாகவே தறியின் மிதிகட்டையில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் மிதித்தாராம். அன்றே வந்திருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கச் சில நிமிடம் போதும். சக மருத்துவர்களே, சர்க்கரைச் சீட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் நோயாளியின் காலையும் பாருங்கள்.

தினமும் இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். ஆணிக்காலை பிளேடால் சீவாதீர்கள். மரத்த காலை வெந்நீரில் வைக்காதீர்கள். சின்னக் கொப்புளம் என்றாலும் மறுநாளே வாருங்கள், அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். எள் தீபம் ஏற்றுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோயில் வாசல் வரை செருப்போடு போங்கள், பிரகாரக் கல் சுடுவதற்கு முன் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஜாதகம் பார்க்கும் பெரியவர்களே, கால் புண் என்று யாராவது கட்டத்தை நீட்டினால், "சர்க்கரை பார்த்தியா?" என்று முதலில் கேளுங்கள். எங்களிடம் வருவதற்கு முன் அவர்கள் உங்களிடம்தான் வருகிறார்கள்.