தோளில் தூங்கிய பிள்ளை பாயில் போட்டதும் ஏன் விழிக்கிறது?

பிள்ளை தோளில் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறது. மூச்சு சீராகிவிட்டது, கைகள் தொங்கிவிட்டன, சட்டையின் தோள்பக்கம் எச்சிலில் நனைந்திருக்கிறது. சரி, இனிப் போடலாம் என்று மெல்லக் குனிந்தால், முதுகு பாயைத் தொடுவதற்கு முன்பே கண் திறந்துவிடுகிறது. அப்புறம் வீடே எழும்ப வேண்டியதுதான். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ கைக்குழந்தை உள்ள எந்த வீட்டில் கேட்டாலும் இந்தக் கதை இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, "தூக்கித் தூக்கிப் பழக்கினா இப்பிடித்தான், பிறகு இறக்க ஏலாது மகள்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஏற்கெனவே நித்திரை கெட்டுப்போன தாய்க்கு அது இன்னொரு சுமை.

பிறந்து ஓரிரு மாதமேயான பிள்ளையின் உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால், இதில் தாயின் குற்றம் எதுவுமில்லை என்பது விளங்கும்.

ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோதா என்ற அறிவியலாளரின் குழு 2013இல் இதை அளந்து பார்த்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தாய்மார் முதலில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், பிறகு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எழுந்து நடக்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கியது, கைகால் உதறுவது நின்றது, அழுகை தணிந்தது. உட்கார்ந்ததும் அந்த அமைதி கலைந்தது. அதே தாய், அதே அணைப்பு, அதே மணம். மாறியது அசைவு மட்டும்தான்.

பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு மதிலில் போகும்போது குட்டி காலை மடக்கிக்கொண்டு சத்தமில்லாமல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே குழு எலிக்குஞ்சுகளிடமும் இதைக் கண்டது. தான் தூக்கப்படுவதைக் குஞ்சு உணர முடியாதபடி செய்தபோது அது அடங்காமல் நெளிந்தது, தாய் எலி அதைக் காப்பாற்றி இடம் மாற்ற அதிக நேரம் எடுத்தது. ஆபத்தில் தாய் ஓடும்போது குட்டி அமைதியாக இருந்தால்தான் இரண்டும் தப்பும். நம் பிள்ளை தோளில் அடங்குவதும் அந்தப் பழைய ஏற்பாட்டின் மிச்சம்தான்.

அசைவைப் பிள்ளைக்கு உணர்த்துவதில் முக்கிய பங்கு உட்காதுக்கு. அங்கே மூன்று அரைவட்டக் குழாய்களும், நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் படிந்த இரண்டு சிறு பைகளும் உள்ளன. குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போது தண்ணீர் ஒரு கணம் பின்தங்கி அலம்புவதுபோல, தலை திரும்பும்போது குழாய்களிலுள்ள திரவம் பின்தங்குகிறது. முன்னும் பின்னும் போகும்போது பைகளிலுள்ள துகள்கள் சரிகின்றன. அங்கேயுள்ள மயிர்போன்ற உணர்கலங்கள் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. சீரான, மெதுவான அசைவு என்றால் இதயத்தை மெதுவாக்கும் நரம்புத் தொகுதியின் கை ஓங்குகிறது.

ஏணை வேலை செய்வதற்கும் இதுதான் அடிப்படை. பழைய நூல் சேலையை வளையில் கட்டி, கீரை ஆய்ந்துகொண்டே ஒரு கையால் கயிற்றை இழுத்துவிடும் அம்மம்மாவின் வேகம் ஓரளவுக்கு அந்தத் துகள்களுக்கு ஏற்ற வேகம். 2019இல் சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவில் பெரியவர்களையே ஆடும் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். நான்கு நொடிக்கு ஒரு முறை மெல்ல ஆடிய கட்டிலில் அவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள், ஆழமாகவும் தூங்கினார்கள். அதே சமயம் வெளிவந்த இன்னொரு ஆய்வில், உட்காதின் அந்தத் துகள்கள் வேலை செய்யாத எலிகளுக்கு ஆட்டுவதால் எந்தப் பலனும் கிடைக்கவில்லை.

இனி, கீழே போடும் கணத்துக்கு வருவோம். குரோதாவின் குழு 2022இல் 21 பிள்ளைகளை வைத்து அதையும் ஆராய்ந்தது. அழுகிற பிள்ளையை ஐந்து நிமிடம் தூக்கி நடந்தபோது அழுகை நின்றது, ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகள் தூங்கியும் விட்டார்கள். ஆனால் படுக்கையில் போட்டதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சில நொடிகளிலேயே விழித்துக்கொண்டார்கள். இதயத் துடிப்பைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பாயோ மெத்தையோ முதுகில் படும் நேரத்தில் அல்ல, தாயின் உடம்பிலிருந்து பிள்ளையின் உடம்பு பிரியத் தொடங்கும் கணத்திலேயே துடிப்பு ஏறியது. படுக்கை மெத்தென்று இருக்கிறதா என்பதை விட, தாயை விட்டுப் பிரியும்போது பிள்ளை எவ்வளவு ஆழமான தூக்கத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பிறந்த குழந்தையின் தூக்கம் நம்முடையதைப் போல் தொடங்குவதில்லை. நாம் கண்ணயர்ந்ததும் படிப்படியாக ஆழ்ந்த தூக்கத்துக்கு இறங்குகிறோம். முதல் சில மாதங்களில் பிள்ளை நேரே கலகலப்பான தூக்கத்துக்குள்தான் போகிறது. மூடிய இமைக்குள் கண் ஓடும், உதடு சப்புக்கொட்டும், திடீரென்று சிரிக்கும், அடுத்த கணம் முகம் அழுகைக்குக் கோணும். "நரி வெருட்டுது" என்று நம் வீடுகளில் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறத்தாழப் பாதி இப்படிக் கழிகிறது. நரி வெருட்டும் நேரத்தில் பிள்ளையைக் கீழே போடாதீர்கள், விழிக்கிற வாய்ப்பு அதிகம்.

அதனால் குரோதாவின் குழு சொல்லும் வழி எளிது: ஐந்து நிமிடம் நடங்கள், பிள்ளை தூங்கிய பிறகு ஐந்து முதல் எட்டு நிமிடம் தூக்கியபடியே உட்காருங்கள், அப்புறம் கிடத்துங்கள். எல்லாப் பிள்ளைக்கும் இது பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த எட்டு நிமிடம் பொறுப்பது, விழித்த பிள்ளையோடு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதை விட எவ்வளவோ மேல்.

கிடத்தும் விதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. தலை சற்றே பின்னால் சாய்ந்தாலும் பிள்ளை இரு கைகளையும் விரித்து, பிறகு எதையோ கட்டிப்பிடிப்பதுபோல் உள்ளே இழுத்துக்கொண்டு திடுக்கிடும். ஏர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் 1918இல் இதை விவரித்தார், அவர் பெயரிலேயே இன்றும் இது அறியப்படுகிறது. நாலைந்து மாதத்துக்கு மேல் மெல்ல மறைந்துவிடும். தலையைக் கையில் தாங்கியபடி, முதலில் பிட்டம், பிறகு முதுகு, கடைசியில் தலை என்று இறக்கினால் இந்தத் திடுக்கிடல் குறையும்.

ஏணையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். துணி வளைந்து பிள்ளையைச் சுருட்டி வைப்பதால், கழுத்து நிற்காத பிள்ளையின் நாடி நெஞ்சில் போய் முட்டலாம். மூச்சுக்குழல் அப்போது மடிந்து நெருக்கப்படும், பிள்ளை சத்தமின்றியே மூச்சுத் திணறலாம். முகத்தைத் துணி மூடினாலும் அதே ஆபத்து. ஆட்டித் தூங்கவைக்க ஏணை நல்லதுதான், ஆனால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். தூங்கிய பிள்ளையைத் தட்டையான, உறுதியான படுக்கையில், தலையணை இல்லாமல், மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் போர்த்தி மூடவும் தேவையில்லை, உடம்பு அதிகம் சூடாவது பிள்ளைக்குக் கூடாது.

பின்னேரத்தில் மட்டும் ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்கள் உண்டு. கைக்குழந்தையின் அழுகை ஆறாவது வாரமளவில் உச்சத்துக்குப் போகிறது, அதுவும் பின்னேரமும் இரவின் தொடக்கத்திலும்தான் அதிகம். மூன்று நான்கு மாதத்தில் தானாகவே இறங்கும். பகல் இரவு என்ற கணக்கும் அந்த வயதளவில்தான் பிள்ளையின் உடம்பில் படியத் தொடங்குகிறது. அதுவரை ஒருவரால் மட்டும் சமாளிக்கக்கூடிய வேலை இது இல்லை. ஆடும் தொட்டிலும் பிள்ளையை அமைதிப்படுத்தியதென்று அந்த ஜப்பானிய ஆய்வே காட்டியிருப்பதால், நடக்கிற கால் தாயுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டோடு வந்து இருக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இருப்பதால், அம்மம்மாவும் சின்னம்மாவும் ஒரே வளவில் இருப்பார்கள். தகப்பனும் இருக்கிறார். பின்னேரம் வேலையால் வந்து குளித்துவிட்டு அவர் பிள்ளையை வாங்கி முற்றத்தில் அரை மணி நேரம் நடந்தால், தாய் அந்த நேரத்தில் கண்ணயரலாம்.

யாருமே இல்லாத நேரத்தில் கோபம் தலைக்கேறினால், பிள்ளையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். பாதுகாப்பான இடத்தில் சற்று நேரம் அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. உலுக்கினால் மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்படலாம், உயிரே போகலாம். அழுகையோடு காய்ச்சலோ, பால் குடிக்க மறுப்பதோ, துவண்டு கிடப்பதோ சேர்ந்தால் அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆறு மாதம் தாண்டினால் கீழே போடுவது கொஞ்சம் இலகுவாகும். பிறகு எட்டு ஒன்பது மாதத்தில் சில பிள்ளைகள் மறுபடியும் விழிக்கத் தொடங்குவார்கள். அதன் காரணம் வேறு: கண்ணில் படாவிட்டாலும் அம்மா எங்கோ இருக்கிறாள் என்பது அந்த வயதில்தான் பிள்ளைக்குப் புரிகிறது, அதனால் அவளைக் கேட்டு அழுகிறது. அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் தூக்கி நடக்கத் தேவையில்லை. பக்கத்தில் இருந்து குரல் கொடுத்து, நெஞ்சில் கையை வைத்தாலே பல பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள்.