பால் பைத்தான் ஜோடி சேர்க்கும் முன் குட்டிகளின் கணக்கைப் போடுங்கள்

எடைத் தட்டில் வைத்த பெண் பாம்பு 1,180 கிராம் காட்டியது. வயிற்றின் பின்பாதியில் இரண்டு முட்டைகள் வெளியே வராமல் நின்றுவிட்டன, விரல் வைத்தாலே கல் மாதிரி தட்டுப்பட்டது. நான்கு முட்டைகளை மூன்று நாள் முன்பே இட்டுவிட்டதாம், மீதியும் வந்துவிடும் என்று காத்திருந்திருக்கிறார்கள். "ஜோடி சேர்க்க 1,200 கிராம் இருந்தாலே போதும்னு வீடியோல சொன்னாங்க டாக்டர்" என்றார் அப்பா. பக்கத்தில் பதினாறு வயதுப் பையன், அவனுடைய பாம்பு, ஒரு வார்த்தை பேசவில்லை. அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருந்தது. பாம்பு பிழைத்துவிட்டது, ஆனால் அதற்கு இனி இனப்பெருக்கம் கிடையாது.

டெக்சாஸில் நாய், பூனையோடு ஊர்வனவற்றுக்கும் வைத்தியம் பார்க்கிறேன். இங்கே தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பால் பைத்தான் வளர்க்கிறார்கள் (இந்தப் 'பால்' நாம் குடிப்பது இல்லை, பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர்). ஐரோப்பாவில் ராயல் பைத்தான் என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கத்து மலைப்பாம்பு வகை. முதல் பாம்பு வாங்கி ஒரு வருடம் ஆனதும் பெரும்பாலானவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஒரு ஜோடி வாங்கி மார்ஃப் பண்ணலாமா?" (மார்ஃப் என்றால் மரபணுவால் வரும் நிற வகை.) தாராளமாகப் பண்ணலாம். ஆனால் எந்த நிறத்தோடு எந்த நிறம் என்று யோசிப்பதற்கு முன்னால், பிறக்கப்போகிற ஆறேழு குட்டிகளும் எங்கே வாழப்போகின்றன என்று யோசித்தாக வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருடம் இருக்கும் பிராணி இது. 2020 ஜூலையில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் அறுபது வயது தாண்டிய ஒரு பால் பைத்தான் ஏழு முட்டைகள் இட்டது. பதினைந்து வருடத்துக்கும் மேலாக அது எந்த ஆணோடும் சேர்ந்திருக்கவில்லை. உங்கள் பையன் பத்தாம் வகுப்பில் பொரிக்க வைக்கிற குட்டி, அவனுக்குப் பேரன் பிறக்கும்போதும் யாரோ ஒருவர் வீட்டில் எலி கேட்டுக்கொண்டிருக்கலாம்.

நிறத்துக்கு வருவோம். சிறைப்பிடிப்பில் அல்பினோ முதலில் பிறந்தது 1992இல். அடுத்த சில வருடங்களில் பைபால்ட், பாஸ்டல், ஸ்பைடர் என்ற மார்ஃப்கள் வரிசையாக வந்தன. ஆரம்பத்தில் ஒரு கார் வாங்கும் விலைக்கு விற்ற மார்ஃப்களை இன்று சில நூறு டாலருக்கு, சிலவற்றை அதற்கும் குறைவாகத் தருகிறார்கள். "ஒரு ஈட்டுக் குட்டிகளை விற்றால் போட்ட காசு வந்துவிடும்" என்று யாராவது சொன்னால், ரேக், தெர்மோஸ்டாட், இன்குபேட்டர், வாராவாரம் எலி, என் ஃபீஸ் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டச் சொல்லுங்கள்.

மரபுக் கணக்கு சுலபம்தான், ஆனால் அதில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பைபால்ட், க்ளவுன், அல்பினோ போன்றவை ஒடுங்கு பண்பு. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒரே பிரதி வைத்திருக்கும் பாம்பு சாதாரணமாகத்தான் இருக்கும், அதை 'ஹெட்' என்பார்கள். இரண்டு ஹெட்களைச் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு நிறத்தோடு பிறக்க வாய்ப்பு. "அப்போ எட்டு முட்டைக்கு ரெண்டு கட்டாயம் வரும்" என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை, ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்குவது மாதிரிதான். ஆறு முட்டை ஈட்டில் ஒன்றுகூட நிறத்தோடு வராமல் போக ஏறக்குறைய 18 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இரண்டு ஒடுங்கு பண்புகளை ஒரே குட்டியில் கொண்டுவர ஆசைப்பட்டு இரட்டை ஹெட் ஜோடியைச் சேர்த்தால், பதினாறில் ஒன்று. அதே ஆறு முட்டையில் நினைத்தது வராமல் போக 68 சதவீதம். பெண் பாம்பு இருக்கும் நிலையைப் பொறுத்து, ஒரு வருடம் விட்டுத்தான் அடுத்த ஈடு கிடைக்கும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்குபவர் பொறுமையாகக் காத்திருப்பார், தெரியாதவர் அடுத்த சீசனே இளைத்த பெண்ணை மறுபடி ஆணோடு விடுவார்.

'66 சதவீத ஹெட்' என்று விளம்பரத்தில் போட்டிருப்பதன் அர்த்தமும் இதிலிருந்து வருவதுதான். ஹெட் ஜோடிக்குப் பிறந்து நிறம் காட்டாத குட்டிகளில் மூன்றில் இரண்டு ஹெட், ஆனால் எந்த இரண்டு என்று பார்த்துச் சொல்ல முடியாது. மரபணுவில் அறுபத்தாறு பங்கு இருக்கிறது என்று எண்ணி வாங்கி மூன்று வருடம் வளர்த்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது உரித்த சட்டையை அனுப்பினாலே சில மார்ஃப்களுக்குப் பரிசோதித்துச் சொல்லும் ஆய்வகங்கள் இங்கே இருக்கின்றன. வாங்கும் முன் கேளுங்கள்.

பாஸ்டல், மொஹாவே போன்றவை ஒரே பிரதியிலேயே நிறம் காட்டும், இரண்டு பிரதி சேர்ந்தால் 'சூப்பர்' என்று வேறொரு தோற்றம் வரும். பழகுவதற்கு இவை எளிது. பனானா மட்டும் தனிக் கதை. அந்த மரபணு பாலினக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. அப்பாவிடமிருந்து பனானா பெற்ற ஆணுக்குப் பிறக்கும் பனானாக்கள் பெரும்பாலும் ஆணாகவும், அம்மாவிடமிருந்து பெற்ற ஆணுக்குப் பெரும்பாலும் பெண்ணாகவும் பிறக்கும்.

அப்புறம், நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணமே ஸ்பைடர்தான். அழகான பாம்பு, பொன்னிற உடம்பில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கறுப்புக் கோடுகள். ஒரு மாலை 300 கிராம் எடையில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், "சாப்பிடத் தெரியல" என்று. மேசையில் விட்டேன். தலையைத் தூக்கியது, தூக்கிய தலை திருகாணி போல மெல்லச் சுழன்று தாடை மேலே வந்தது. அப்படியே சில நொடி நின்றுவிட்டு மறுபக்கம் சுழன்றது. இடுக்கியில் எலியைக் காட்டினேன், எலிக்கு இரண்டு அங்குலம் தள்ளிக் காற்றைக் கொத்தியது. மறுபடி கொத்தியது, மறுபடி காற்று. கையில் எடுத்து மல்லாக்கப் பிடித்தால் ஆரோக்கியமான பாம்பு உடனே புரண்டு நேராகும். இது எது மேல், எது கீழ் என்று தெரியாமல் என் மணிக்கட்டில் கிடந்தது.

இது பழக்கக் குறையோ உணவுக் குறையோ இல்லை. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்பைடர்களின் தலையை மைக்ரோ சிடி ஸ்கேன் செய்து பார்த்தார்கள். உடம்பின் சமநிலையைக் காக்கும் உள்காதின் அரைவட்டக் குழாய்களும், பக்கத்தில் இருக்கும் சிறு பையும் உருக்குலைந்திருந்தன. நிறத்தைத் தரும் அதே மரபணுதான் இதையும் தருகிறது, பிரித்தெடுக்க இதுவரை யாராலும் முடியவில்லை. உலகத்தில் இருக்கும் ஸ்பைடர்கள் எல்லாமே 1999இல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரே பாம்பின் வம்சம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். "எங்களுடையது லேசாத்தான் ஆடும்" என்பார்கள். சரி, உங்களுடையது லேசாக ஆடலாம், அதன் குட்டி எலியைப் பிடிக்கவே முடியாத அளவுக்கு ஆடலாம். தயவுசெய்து ஸ்பைடரை ஜோடி சேர்க்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அன்பாக, அமைதியான கூண்டில், கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பைடர் மட்டும் இல்லை. சாம்பெய்ன் மார்ஃபுக்கும் இந்த ஆட்டம் உண்டு, அதன் சூப்பர் உயிரோடு பிறப்பதில்லை. கேரமல் அல்பினோவிலும் சூப்பர் சின்னமனிலும் முதுகெலும்பு வளைந்த குட்டிகள் வருகின்றன. டெசர்ட் மார்ஃப் பெண் பாம்புகள் நல்ல முட்டை இடுவதில்லை, முயன்று பார்த்ததில் முட்டை அடைத்து இறந்தவை உண்டு. வாங்கும் மார்ஃபின் பெயரோடு அதன் குறையையும் சேர்த்துத் தேடிப் படிக்க அரை மணி நேரம் போதும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இதுதான். ஒரே ஒரு ஒடுங்கு பண்பு எடுங்கள், க்ளவுன் மாதிரி இதுவரை பெரிய குறை எதுவும் தெரியவராத ஒன்று. நிறம் காட்டும் ஓர் ஆண், உறுதியான ஹெட் பெண் ஒன்று. பாதிக்குப் பாதி வாய்ப்பு, நிறம் வராத குட்டிகளும் சந்தேகமில்லாத ஹெட். பெண்ணுக்கு மூன்று வயதும் 1,500 கிராமும் ஆகட்டும், நான் 1,600 வரை காத்திருக்கச் சொல்வேன். எடை கொழுப்பால் ஏறியிருக்கக் கூடாது, அதனால் அவசரப்பட்டு எலியைத் திணிக்காதீர்கள். ஆணுக்கு 700 கிராம் போதும்.

வெளியிலிருந்து வரும் எந்தப் பாம்பும் 90 நாள் தனி அறையில் இருக்க வேண்டும். நிடோவைரஸ் என்ற சுவாச நோய்க்கு வாய்த் துடைப்பு எடுத்துப் பரிசோதிக்கலாம், செதிலுக்கடியில் சிற்றுண்ணி இருக்கிறதா என்று தண்ணீர்க் கிண்ணத்தின் அடியைப் பாருங்கள், இருந்தால் கறுப்பு மிளகுத் தூள் மாதிரி கிடக்கும். இங்கே அலட்சியம் கூடவே கூடாது, ஏனென்றால் ஒரே ஆணைத்தான் கூண்டு கூண்டாக மாற்றி விடுவீர்கள். அது நோய் சுமந்தால் எல்லாக் கூண்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

இங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை இணை சேர்ப்பார்கள். முட்டையிடுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு பெண் சட்டை உரிக்கும், அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். இட்ட முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள், புரட்டாதீர்கள், மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் டார்ச் அடித்தால் நல்ல முட்டையில் சிவப்பு நரம்புகள் தெரியும். 31, 32 டிகிரி செல்சியஸில் சுமார் 55 முதல் 60 நாள். இன்குபேட்டரை முட்டை வருவதற்கு இரண்டு வாரம் முன்பே ஓட்டிப் பாருங்கள், தெர்மோஸ்டாட் ஏமாற்றுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். பொரித்து வரும் குட்டி முதல் சட்டையை உரித்த பிறகுதான் சாப்பிடும், சில குட்டிகள் வாரக்கணக்கில் மறுக்கும். தானாகத் தொடர்ந்து சில முறை சாப்பிடாத குட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்தும் கேட்கிறார்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை. காட்டு உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டஸின் இரண்டாம் பட்டியலில் பால் பைத்தான் இருக்கிறது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதன்படி வைத்திருப்பதையும் குட்டி பிறப்பதையும் பதிவு செய்தாக வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த விதிகள் இதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகச் செய்யச் சொல்கின்றன. காகிதம் இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். பாங்காக்கிலிருந்து பெட்டியில் திணித்துக் கொண்டுவரப்பட்ட பால் பைத்தான்கள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. நம் ஊர் மலைப்பாம்பு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது, அதை வீட்டில் வைக்கவே கூடாது.

அந்தப் பையன் திரும்ப வந்தான். அடுத்த பெண்ணுக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தான், மாதாமாதம் எடை எழுதிய நோட்டோடு வந்தான். 1,650 கிராம் ஆனதும் போன நவம்பரில் க்ளவுன் ஆணை விட்டார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் குட்டி கேட்ட நாலு வீடுகளை எழுதியிருந்தான், அவர்களிடம் கூண்டு இருக்கிறதா, அம்மா சம்மதித்தாரா என்று ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டிருந்தான். ஏப்ரலில் ஆறு முட்டை, ஒன்று கருவில்லாதது. ஜூனில் ஐந்து குட்டிகள், இரண்டு க்ளவுன், மூன்று ஹெட். அவற்றில் நான்கு, சாப்பிடத் தொடங்கி நன்கு தேறியதும் நோட்டில் எழுதிய அந்த வீடுகளுக்கே போய்விட்டன. ஐந்தாவது, சாதாரண நிறத்து ஆண், அவர்களோடேயே இருக்கிறது. முதல் மூன்று வாரம் எதையும் தொடவில்லை என்று பையன் தினமும் எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். நாலாவது வாரம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு வீடியோ வந்தது. விரல் தடிமன்கூட இல்லாத உடம்பு எலிக் குஞ்சைச் சுற்றி மூன்று சுற்று, பின்னால் அவன் அப்பா "சத்தம் போடாதடா" என்று சொல்வது கேட்கிறது.