ரப்பர் ஷீட்டில் கண்விழிக்கும் பூசணம்

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம், அருமனைப் பக்கம் மழை நாளில் கொடியில் போட்ட ரப்பர் ஷீட்டைச் சில நாள் கழித்துப் புரட்டினால், பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்திருக்கும். ஷீட்டை நன்றாகக் கழுவிய வீட்டில் குறைவு, அரைகுறையாக அலசிய வீட்டில் அதிகம். இரண்டு வீட்டிலும் பெய்தது ஒரே மழைதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

ரப்பர் பாலில் 30 முதல் 40 சதவீதம்தான் ரப்பர். மிச்சத்தில் பெரும்பங்கு தண்ணீர்; கூடவே கொஞ்சம் சர்க்கரையும் புரதமும் உண்டு. ஆசிட் விட்டு உறையவைத்து ரோலரில் அடித்தபின் சரியாகக் கழுவாவிட்டால் இவை ஷீட்டிலேயே தங்கிவிடும். பூசணத்துக்கு அது பந்தி.

காற்றில் மிதந்து வந்து ஷீட்டில் விழும் பூசண வித்து மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 300 வித்துகளை வரிசையாக அடுக்கலாம். அது தூங்கினாலும் வெறுங்கையோடு தூங்கவில்லை. புரதம் செய்யும் ரைபோசோம்கள், எந்தப் புரதம் வேண்டும் என்று சொல்லும் எம்ஆர்என்ஏ, செலவுக்கு ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆக்குப்புரை மாதிரி: பாத்திரமும் பட்டியலும் தயார், அடுப்புதான் மூட்டவில்லை.

அடுப்பை மூட்டுவது குளுக்கோஸ். ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூசணத்தின் வித்துக்கு வெறும் ஈரம் போதாது. குளுக்கோஸ் கிடைத்ததும் செல்லுக்குள் ராஸ் போன்ற செய்திப் புரதங்கள் வேலையைத் தொடங்குகின்றன. நியூரோஸ்போரா என்ற இன்னொரு பூசணத்தில் அரை மணி நேரத்துக்குள், சும்மா கிடந்த ரைபோசோம்கள் எம்ஆர்என்ஏ இழைகளில் மணி கோர்த்ததுபோல் வரிசையாக ஏறிவிடும். புதிதாகப் பட்டியல் எழுதும்வரை காத்திருக்காமல், பழைய பட்டியலை வைத்தே சமையலைத் தொடங்கிவிடுவதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

இப்படிப் புதிதாகச் செய்யும் புரதங்கள் இல்லாமல் முளைப்பே இல்லை. புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்ஸிமைடைச் சேர்த்தால், எவ்வளவு குளுக்கோஸ் கொட்டினாலும் வித்து உப்பக்கூடச் செய்யாது. தடை இல்லாவிட்டால் முதலில் பந்துபோல் உப்பும், சில மணி நேரத்தில் ஒரு பக்கமாக முளைக்குழல் நீளும்.

சரி, சர்க்கரை மட்டும் போதுமா? தொடங்க உதவும், தொடர உதவாது. புரதத்தின் கட்டுமானப் பொருள் அமினோ அமிலம். அதற்கு நைட்ரஜன் வேண்டும். அமினோ அமிலத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் பூசணம் தன் புரத உற்பத்தியைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். கழுவாத ஷீட்டில் அந்தத் தட்டுப்பாடும் இல்லை. பாலின் புரதம் அங்கேயே இருக்கிறது.

நம் கண்ணுக்குப் பச்சை தெரியும்போது இதெல்லாம் நடந்து முடிந்திருக்கும். அந்தப் பச்சைத் தூள் அடுத்த தலைமுறை வித்து.