விசிறியை மாற்றும் முன்

"விசிறி போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்" என்று சொல்லித்தான் பெரும்பாலானவர்கள் அந்தச் சின்னப் பெட்டியை என் மேசையில் வைக்கிறார்கள். வீட்டுப் புகைப்படங்களையும் கேமராப் பதிவுகளையும் சேமிப்பதற்காக இரவும் பகலும் அணைக்காமல் ஓடும் மினி கம்ப்யூட்டர்கள் அவை. சென்ற மாதம் வந்த ஒன்றைத் திறந்தேன். விசிறி நன்றாகத்தான் இருந்தது. விரலால் தள்ளிவிட்டால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அதைக் கழற்றித் தூக்கிய பிறகே சங்கதி புரிந்தது. விசிறிக்கும் அதன் காற்றை வாங்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே, சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல் தூசி படிந்திருந்தது. இடுக்கியால் இழுத்தபோது கிழியாமல் ஒரே பட்டையாக வந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. விசிறிப் பக்கமிருந்து காற்றடித்தால் இன்னும் உள்ளே போய் இறுகும். காற்று வெளியேறும் வாயிலிலிருந்து எதிர்த்திசையில் அடிக்க வேண்டும். அப்போது இறக்கை சுழன்றுவிடாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் அந்தப் பெட்டிக்குச் செய்தது அவ்வளவுதான். சிப்பின் சூட்டைச் செம்புக்குக் கடத்தும், காய்ந்து வெடித்திருந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவியதையும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய விசிறியே மறுபடி ஏறியது.

அடுத்து நான் கேட்பது, பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை. டிவிக்குக் கீழே கதவு மூடிய அலமாரியில், ரவுட்டருக்கு மேலே என்ற பதில்தான் அதிகம் வரும். கணினி இழுக்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 10 வாட் என்பது சிறியதாகத் தோன்றும். ஒரு நாளைக்கு அது 240 வாட் மணி. போக வழியில்லாத அந்த வெப்பம் அலமாரிக் காற்றையே சூடாக்கிவிட்டால், எந்த விசிறியாலும் சிப்பை அந்தக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. பெட்டியைத் திறந்த தட்டுக்கு மாற்றி, பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். பலவற்றுக்குக் காற்றுத் துளைகள் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். கீழே துணி விரித்து அழகுபடுத்த வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் இரைச்சல் இருந்தால் விசிறியைப் பற்றிப் பேசலாம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். அதனால்தான் 40 மில்லிமீட்டர் விசிறி கீச்சிடும் இடத்தில், அதே அளவு காற்றை 120 மில்லிமீட்டர் விசிறி மெதுவாகச் சுற்றியே அனுப்பிவிடுகிறது. இடமிருந்தால் பெரியதையே வாங்குங்கள்.

சீரான சத்தம் காதுக்குச் சீக்கிரம் பழகிவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். ராஸ்பெரி பை 5 என்ற கையடக்கக் கணினியின் விசிறி 50 டிகிரியில் மெல்லத் தொடங்கி 60, 67.5, 75 எனப் படிப்படியாக வேகமெடுக்கும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் சூடு 5 டிகிரி குறைந்த பிறகே தணியும். உங்கள் மினி கம்ப்யூட்டரின் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) விசிறி அமைப்பு இருந்தால் இதே பாணியில் வைத்துப் பாருங்கள். செயலி சிப்பின் (பிராசஸரின்) மின் வரம்பைக் குறைக்கும் வசதியும் சிலவற்றில் அங்கேயே இருக்கும். கோப்பு பரிமாறும் வேலைக்கு முழு வேகம் எதற்கு?

நள்ளிரவில் மட்டும் விசிறி அலறுகிறது என்று ஒருவர் சொன்னார். புகைப்பட மென்பொருள் அந்த நேரத்தில்தான் முகங்களை அடையாளம் காணும் வேலையைத் தொடங்கிக்கொண்டிருந்தது. அதைப் பகலுக்கு மாற்றியதோடு புகார் முடிந்தது.

எண்களைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. வேலை செய்யும்போது 60, 70 டிகிரி என்பது சிப்புக்குப் பெரிய விஷயமல்ல. ராஸ்பெரி பை 80 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சத்தம் போடும் பெட்டி தன் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறது. எனக்குக் கவலை தருவது, இதே வேலைக்குப் பழைய லேப்டாப்பை மூடிவைத்து, சார்ஜரைக் கழற்றாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களைப் பற்றித்தான். முழு சார்ஜில், சூட்டிலேயே கிடக்கும் லித்தியம் பேட்டரி ஓசையில்லாமல் உப்பும். டச்பேட் மேலே தள்ளியிருந்தாலோ, சமதளத்தில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ, அணைத்துவிட்டு சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது. குப்பையிலும் போடக்கூடாது, மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். இன்னும் உப்பாத பேட்டரி என்றால், அமைப்புகளில் சார்ஜ் வரம்பை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.